காட்டுத் தடங்களை மூடும்போது கழனிக்கு என்ன லாபம்?

முதல் மழைக்கு ஓடையில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மலையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும் பெரியவர்கள் மலையடிவார ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. தண்ணீர் தெளிந்து வந்தால் காடு நன்றாக இருக்கிறது. செங்குழம்பாக வந்தால் மேலே எங்கோ மண் பெயர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் மரம் வெட்டியதோ, காட்டுத் தீயோ, புதிதாகச் சாலை போட்டதோ அதற்குக் காரணமாக இருந்தது. இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஜீப் சவாரி, மோட்டார் சைக்கிள், மலை சைக்கிள், மலையேற்றம் என்று பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குள் புதிது புதிதாக உருவாகும் அனுமதியில்லாத தடங்கள்தான் அது.

பல நாடுகளில் வனத்துறையும் உள்ளாட்சிகளும் இந்தத் தடங்களை மூடி, மண்ணைக் கிளறி, செடி வளர்த்து மீண்டும் காடாக்கும் வேலையில் இறங்கியுள்ளன. நம் மாநிலத்திலும் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு, எந்தத் தடத்தில் போகலாம், எதில் போகக் கூடாது என்ற ஒழுங்கு வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு இது ஓர் அனுமதிச் சீட்டு விவகாரம். மலையடிவார உழவருக்கோ தண்ணீர், வண்டல், பயிர் நோய், மாடு போகும் வழி ஆகிய நான்கோடும் தொடர்புடைய விவகாரம்.

ஒரு தடம் எப்படி ஓடையாகிறது?

காட்டு மண் பஞ்சு போன்றது. சருகும் வேரும் மண்புழுவும் சேர்ந்து அதில் எண்ணற்ற துளைகளை உண்டாக்கியிருக்கும். மழை அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. காலும் சக்கரமும் தொடர்ந்து படும் இடத்தில் முதலில் சருகு போகும், பிறகு புல் போகும், அதன் பிறகு மண் இறுகும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, வழிந்தோடும். தடம் சரிவின் போக்கிலேயே நேராக இறங்கினால், அந்தத் தண்ணீருக்கு அதுவே வாய்க்கால்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள தடத்தின் பரப்பு 1,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தடத்தின் மேல் மட்டும் 50,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 6,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு நடைக்கும் மேல். இரு பக்கச் சரிவிலிருந்தும் வந்து சேரும் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. அதே தடம் சில ஆண்டுகளில் 10 சென்டிமீட்டர் ஆழம் அரித்துப் போனால் பெயர்ந்த மண் 100 கன மீட்டர். நாம் மண் வாங்கும் கணக்கில் ஏறக்குறைய 35 யூனிட். அது நம் ஊரணியிலோ, கண்மாயிலோ, வாய்க்கால் மடையிலோதான் வந்து படியும். தூர் வாரும் செலவை அந்தத் தடத்தில் போனவர்கள் கொடுக்கப் போவதில்லை.

சைக்கிள் மட்டும்தான் குற்றவாளி என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலக் காட்டுத் தடங்களில் வில்சன், செனி ஆகிய இருவர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு, நடப்போர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலை சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டது. சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன. ஆக, தடத்தில் எது போகிறது என்பதைப் போலவே, தடம் எங்கே, எந்தச் சரிவில் போகிறது என்பதும் முக்கியம். சம உயர வரப்பு போட்ட உழவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே போகும் வரப்பு தண்ணீரை நிறுத்தும். சரிவோடு இறங்கும் சால் மண்ணை இழுத்துப் போகும்.

தடம் அமைப்பவர்களிடையே இரண்டு எளிய விதிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, தடத்தின் ஏற்றம் சராசரியாகப் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது பத்து அடி நடந்தால் ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. இரண்டு, மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் தண்ணீர் தடத்தைக் கடந்து போகாமல் தடத்தின் வழியே ஓடும். அனுமதியில்லாத தடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மீறுகின்றன. வேகமாக இறங்குவதற்காகவே போடப்பட்ட தடம் நேராகத்தானே இறங்கும்?

இன்னொரு உண்மையையும் கவனிக்க வேண்டும். புதிய இடத்தில் முதல் சில நடைகளிலேயே சேதத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. அதன் பிறகு நூறு பேர் போனாலும் ஆயிரம் பேர் போனாலும் கூடுதல் சேதம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. எனவே ஆயிரம் பேர் ஒரே நல்ல தடத்தில் போவது, நூறு பேர் பத்துத் தடங்களில் சிதறிப் போவதைவிடக் காட்டுக்கு நல்லது. தடங்களை மூடுவதன் அடிப்படை நியாயம் இதுதான். ஆட்களை விரட்டுவது நோக்கமல்ல, அவர்களை ஒரு வழிப்படுத்துவதுதான் நோக்கம்.

மலை சைக்கிள் பிறந்த மலையின் அனுபவம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் டமால்பயஸ் என்ற மலை இருக்கிறது. மலை சைக்கிள் ஓட்டும் விளையாட்டு வளர்ந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். 1976இல் அந்தக் கவுண்டியில் நடந்த இறக்கப் பந்தயம் அந்த விளையாட்டின் வரலாற்றில் பெயர் பெற்றது. அதே மலைதான் அந்தப் பகுதியின் குடிநீர்த் தொட்டியும்கூட. மலையின் பெரும்பகுதி, 1912இல் தொடங்கப்பட்ட நீர் வாரியத்துக்குச் சொந்தம். அதன் சரிவுகளில் ஐந்து நீர்த்தேக்கங்கள் உள்ளன.

தன் நிலத்தில் சைக்கிள்களை அகலமான தீத்தடுப்புச் சாலைகளில் மட்டும் விடுவது என்பதை நீர் வாரியம் நெடுங்காலம் விதியாக வைத்திருந்தது. வேகமும் மணிக்கு 15 மைலுக்கு, அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் குறுகிய தடத்தில் இறங்குவதில்தான் ஓட்டுபவர்களுக்குச் சுகம். அதனால் இரவோடு இரவாக மண்வெட்டியோடு வந்து காட்டுக்குள் தடம் வெட்டுவது தொடர்கதையானது. மழையில் அங்கிருந்து இறங்கும் மண், லகுனிடாஸ் போன்ற ஓடைகளுக்குப் போகிறது. அந்த ஓடையில் அழியும் நிலையில் உள்ள கோஹோ சால்மன் மீன்கள் சரளைக் கற்களுக்கிடையே முட்டையிடுகின்றன. நுண்மண் படிந்தால் முட்டைக்குக் காற்றோட்டம் கிடைக்காது.

பக்கத்துக் காப்பு நிலங்களை நிர்வகிக்கும் கவுண்டி பூங்காத் துறை, 2014இல் சாலைகளுக்கும் தடங்களுக்கும் சேர்த்து ஒரு மேலாண்மைத் திட்டத்தை ஏற்றது. எல்லாத் தடங்களையும் வரைபடத்தில் ஏற்றுவது, எது இருக்க வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டு முடிவு செய்வது, மற்றவற்றை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பதே அதன் போக்கு.

சர்ச்சை அத்தோடு முடியவில்லை. வரி கட்டும் எங்களுக்கு மலையில் இடமில்லையா என்று சைக்கிள் ஓட்டுபவர்கள் கேட்டார்கள். குடிநீர் மலையில் விளையாட்டு எதற்கு என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். 2024இல் சில தடங்களில் சோதனை முறையில் சைக்கிளை அனுமதிக்க நீர் வாரியம் முன்வந்தது. அதை எதிர்த்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றம் போயின. ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள, பணமும் ஆட்களும் உள்ள இடத்திலேயே இதுதான் நிலை. தடையால் மட்டும் தடம் மறைந்துவிடாது என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

சேற்றோடு வரும் நோய்

டமால்பயஸ் மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் நடுவில் மரின் பகுதியில் ஓக் மரங்கள் திடீரென்று காயத் தொடங்கின. காரணம் பைட்டோப்தோரா ரமோரம் என்ற நோய்க்கிருமி. கலிபோர்னியாவிலும் ஒரிகனிலும் பல லட்சக்கணக்கான மரங்களை அது கொன்றிருக்கிறது. மழையும் காற்றும் அதைப் பரப்புகின்றன. காலணியிலும் சக்கரத்திலும் ஒட்டிய சேறும் அதைச் சுமந்து போகிறது. அதனால்தான் காட்டை விட்டு வெளியே வரும்போது காலணியையும் டயரையும் கழுவுங்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

பைட்டோப்தோரா என்ற பெயர் நம் மலைத்தோட்ட விவசாயிகளுக்குப் புதிதல்ல. மிளகுக் கொடியை ஒரே பருவத்தில் சாய்த்துவிடும் வாடல் நோயும், ஏலக்காயில் வரும் அழுகல் நோயும் இதே இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளால் வருபவைதான். இவை ஈரத்தில் பெருகி, ஓடும் தண்ணீரிலும் சேற்றிலும் பயணம் செய்பவை. நோய் கண்ட தோட்டத்து மண்ணை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வது இதனால்தான். மழைக்காலத்தில் ஒரே நாளில் நான்கு தோட்டங்களின் ஓரமாகப் போய்வரும் ஜீப் சக்கரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் காப்புக்கட்டையில் ஒட்டியிருப்பது யாருடைய தோட்டத்து மண் என்று யாருக்குத் தெரியும்?

களை விதைகளும் அப்படித்தான். பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் பாதையோரமாகவே காட்டுக்குள் நுழைவதைப் பார்க்கிறோம். நீலகிரிப் புல்வெளிகளை ஆக்கிரமித்திருக்கும் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடி கலிபோர்னியாவுக்கும் தலைவலிதான். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மேய்ச்சல் புல் இருந்த இடத்தில் மாடு தொடாத செடி வந்தால், நஷ்டம் மாடு வளர்ப்பவருக்கு.

குரங்கணி சொன்ன பாடம்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலைப் பாதை, பொழுதுபோக்குக்காகப் பிறந்ததல்ல. மூணாறுப் பகுதித் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்கு இறக்கக் கம்பிவழித் தொங்கூர்தி ஓடிய காலம் ஒன்று உண்டு. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப் பெயர்கள் அதன் மிச்சம். ஏலம், காப்பி, மிளகு சுமந்தவர்களும் மாடு ஓட்டியவர்களும் நடந்து நடந்து தேய்ந்த வழிகள் அவை. பின்னாளில் அவற்றின் மேலேயே மலையேற்றமும் வந்து சேர்ந்தது.

2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் உரிய அனுமதி இல்லாமல் காட்டுக்குள் சென்றனர் என்று அரசு சொன்னது. காயம்பட்டவர்களைத் தூக்கிவர முதலில் ஓடியவர்களில் மலைக்கிராம மக்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு இவை நடக்கின்றன. கோடைத் தீக்காலத்தில் மூடப்படுகின்றன. பெயரில்லாத தடங்களுக்குப் பதில் பெயருள்ள தடங்கள் வந்தது நல்ல மாற்றம். மலைக்கிராம இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கிறது.

ஆனால் பட்டியலில் இல்லாத தடங்கள் எல்லாம் 'அனுமதியில்லாதவை' ஆகிவிடுமா? இந்தக் கேள்வியில்தான் உழவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

எந்தப் பாதையை மூடுகிறார்கள்?

காட்டுக்குள் போகும் பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம். பட்டா நிலத்துக்கும் மலைக்கிராமத்துக்கும் கோயிலுக்கும் மேய்ச்சலுக்கும் சிறுவன மகசூலுக்கும் போகும் வழக்குப் பாதை ஒன்று. அரசு அறிவித்த சுற்றுலாத் தடம் இரண்டாவது. யாரையும் கேட்காமல் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்ட தடம் மூன்றாவது. மூட வேண்டியது மூன்றாவதை. ஆனால் காகிதத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுமே பட்டியலில் இல்லை, இரண்டுக்குமே பலகை இல்லை.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறவில்லை. காப்புக்காடு அறிவிக்கும்போது பாதை உரிமை, நீரோடை உரிமை, மேய்ச்சல் உரிமை கோருபவர்களை விசாரிக்க வேண்டும் என்பது பழைய வனச் சட்டங்களிலேயே இருக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காப்புக்காட்டில் உள்ள ஒரு பாதையை மூடுவதானால், அதற்கு ஈடாக வசதியான மாற்றுப் பாதை இருக்க வேண்டும் அல்லது அமைத்துத் தர வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சிறுவன மகசூலையும் சமூக உரிமைகளாக ஏற்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் அளிக்கிறது. உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன.

இந்த உரிமைகளைக் கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேய்ச்சல் வழக்கே உதாரணம். 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் முழுவதும் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. பிறகு அந்தத் தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் மலைமாடு வைத்திருந்தவர்கள் பட்ட கலக்கம் கொஞ்சமல்ல. எந்த வழி எதற்கானது என்று ஊர் எழுதி வைக்காவிட்டால், வேறு யாரோ வேறு எங்கோ உட்கார்ந்து அதை எழுதுவார்கள்.

மறுபக்கமும் உண்டு. நம் பட்டா நிலத்தின் வழியாக ஜீப் விட்டுச் சில நூறு ரூபாய் வாங்குவது சில இடங்களில் நடக்கிறது. வருமானம் அன்றைக்குக் கைக்கு வரும். தடம் ஓடையாகி அடுத்த வயலை அறுக்கும்போது செலவு பக்கத்து உழவருக்குப் போகும். ஊருக்குப் பொதுவாகப் பேசி ஒரே ஒரு வழி, ஒரே கட்டணம், அதிலிருந்து பராமரிப்புக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

மூடுவது எப்படி?

ஒரு பலகையும் ஒரு முள்வேலியும் வைத்தால் தடம் மூடப்பட்டுவிடாது. இரண்டு அடி தள்ளிப் புதுத் தடம் பிறக்கும். முறையாக மூடுவதற்குப் படிகள் உண்டு. காப்புக்காட்டுக்குள் இவற்றை வனத்துறையின் அனுமதியோடும் மேற்பார்வையோடும்தான் செய்ய வேண்டும். சொந்தப் பட்டா நிலத்தில் நாமே செய்யலாம்.

முதலில் தண்ணீரைத் திருப்ப வேண்டும். தடத்துக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கல்லோ மரக்கட்டையோ பதித்து, வழிந்தோடும் தண்ணீரைப் பக்கத்துச் செடி நிறைந்த இடத்துக்கு விட வேண்டும். சரிவு கூடக் கூட இந்தத் தடுப்புகள் நெருங்கி இருக்க வேண்டும். ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட இடத்தில் சிறு கல் தடுப்பணை போட்டால் மண் தானாகப் படியும்.

அடுத்தது இறுகிய மண்ணைக் கிளறுவது. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறினால் போதும். கிளறாமல் விதை தூவினால், பாறையில் தூவியது போலத்தான்.

பிறகு மூடாக்கு. பக்கத்துக் காட்டுச் சருகும் சிறு கிளைகளும் போதுமானவை. அதே இடத்துப் புல்லின் வேர்த் துண்டுகளையும் உள்ளூர் மரக்கன்றுகளையும் நட வேண்டும். விரைவாக வளரும் என்று வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்தால் இன்னொரு உண்ணிச்செடியை வரவழைத்ததாகும். கோடையில் காய்ந்த கிளைகளைக் குவித்து வைப்பதும் ஆபத்து. குரங்கணியை மறக்கக் கூடாது.

நான்காவது, தடத்தின் இரண்டு வாய்களையும் கண்ணுக்குத் தெரியாமல் அடைப்பது. நடுவில் அடைத்துப் பயனில்லை. உள்ளே ஒரு வழி இருப்பது தெரிந்தால் ஆள் நுழைவார். நுழைவாயிலில் முதல் இருபது, முப்பது அடிக்குப் புதர் நட்டு மறைத்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாகக் காலம். தேனி, திண்டுக்கல் போன்ற கிழக்குச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தண்ணீர் தடுப்பு வேலைகளை முடித்து, மழை தொடங்கியதும் நடவு செய்யலாம். அதன் பின் இரண்டு மூன்று மழைக்காலமாவது போய்ப் பார்த்துப் பழுது நீக்க வேண்டும்.

இவை எல்லாம் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் நம் விரிவாக்கப் பணியாளர்கள் பழகிய வேலைகளே. இதற்கென்று புது இயந்திரம் எதுவும் தேவையில்லை.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

ஊர் சேர்ந்து முதலில் செய்ய வேண்டியது ஒரு வரைபடம். மாடு ஓட்டுபவர், தேன் எடுப்பவர், தீக்காவலராக வேலை பார்த்தவர், தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர் உட்கார்ந்தால் ஒரே நாளில் எல்லாத் தடங்களையும் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: யார் போகிறார்கள், எவ்வளவு காலமாகப் போகிறார்கள், மழையில் தண்ணீர் அதில் எங்கே போகிறது? விரிவாக்கப் பணியாளர் ஒருவர் கைபேசியில் இடக்குறிப்பு எடுத்துக்கொடுத்தால் போதும்.

அந்த வரைபடத்தை வைத்து, இந்தப் பாதைகள் எங்கள் வழக்குப் பாதைகள், இவற்றை மூடக் கூடாது, மூடினால் மாற்று வழி வேண்டும் என்று ஒரு தீர்மானம். இந்தத் தடங்கள் எங்கள் ஓடையைக் கெடுக்கின்றன, இவற்றை மூடுங்கள், வேலைக்கு நாங்கள் வருகிறோம் என்று இன்னொரு தீர்மானம். இரண்டையும் ஒன்றாக வைக்கும் ஊரின் பேச்சுக்கு வனத்துறையிடம் மரியாதை இருக்கும். ஒன்றை மட்டும் வைத்தால், உரிமை கேட்பவராகவோ புகார் சொல்பவராகவோ மட்டுமே பார்க்கப்படுவோம்.

கொட்டக்குடி ஆறு போடியைக் கடந்து வைகையோடு சேர்கிறது. வைகை அணையில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருப்பது மதுரை வரை உள்ள பாசன விவசாயிகளுக்குத் தெரியும். அந்த வண்டல் அத்தனையும் சுற்றுலாத் தடங்களிலிருந்து வந்ததல்ல. ஆனால் மேலே ஒரு தடம் மூடப்பட்டால் கீழே வரும் மண்ணில் சில யூனிட்டாவது குறையும். அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வருகிறது. அதற்கு முன் ஒரு மழை நாளில் ஓடையோரமாக மேலே நடந்து, கலங்கல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்து வைத்தால், சபையில் பேச வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.